உன் அப்பாவுக்காக நான் சொன்ன பதில்கள்

அன்புள்ள மகனுக்கு,

முதலில் ஒரு பிழையைத் திருத்த வேண்டும். நான் மீன் சாப்பிடாமல் இருப்பது உன் அப்பாவின் ஆன்மாவுக்காகச் செய்துகொண்ட நேர்த்திக்கடன் என்று எங்கள் கோயில் பங்கில் சொல்லிக்கொள்கிறார்கள். போன மாதம் மாதர் கூட்டத்தில், முப்பத்திரண்டு வருடமாக ஒரு துண்டு மீன்கூட வாயில் வைக்காத விதவை என்று என்னை எழுப்பிவிட்டுக் கை தட்டினார்கள். நானும் எழுந்து நின்றேன். சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு, தலையைச் சற்றுத் தாழ்த்தி, அந்தக் கைதட்டலை வாங்கிக்கொண்டு உட்கார்ந்தேன். அது நேர்த்தி இல்லை. எந்தப் புனிதருக்கும் நான் வாக்குக் கொடுக்கவில்லை. என்னால் மீனைப் பார்க்க முடிவதில்லை, அவ்வளவுதான். ஏன் என்று இன்றுவரை ஒருவரிடமும் சொன்னதில்லை. பாதிரியாரிடம் செய்யும் பாவசங்கீர்த்தனத்தில்கூடக் கோபம், பெருமை என்று பொதுவாகச் சொல்லிவிட்டு எழுந்து வந்துவிடுவேன். இப்போது உனக்கு எழுதுகிறேன். உன் மனைவி ஜெசிந்தாவும் இதை வாசிக்கட்டும். அடுத்த மாதம் கல்யாணப் பெண்ணாகப் போகும் அனுஷாவும் தன் அப்பம்மா எப்படிப்பட்டவள் என்று தெரிந்துகொள்ளட்டும். கை தட்டிய பெண்களுக்கும் நீ காட்டலாம். எனக்கு ஆட்சேபம் இல்லை.

ஒவ்வொரு ஞாயிறும் ஹெந்தளையிலிருந்து கொழும்பு வெள்ளவத்தைக்கு வந்து என் மேசையில் சாப்பிடுகிற பிள்ளைக்கு எதற்குக் கடிதம், நேரே சொல்லியிருக்கலாமே என்று நீ கேட்பாய். சொல்லத்தான் போன ஞாயிறு எனக்கு ஒரு தருணம் வந்தது. நான் அதைத் தவறவிட்டேன். ஜெசிந்தா உன் தட்டில் கறி போட்டுக்கொண்டே என்னைப் பார்த்து, "மாமி, நீங்களாவது சொல்லுங்கோ. டொக்டர் இருதயத்துக்கு ஒரு டெஸ்ட் எழுதித் தந்து ஆறு கிழமையாச்சு. துண்டுக் கடதாசி ஃபிரிஜ் கதவிலை ஒட்டினபடி கிடக்குது. மாடிப்படி ஏறினால் நெஞ்சைப் பிடிச்சுக்கொண்டு பாதியிலை நிக்கிறார்" என்றாள். நீ, "கல்யாணம் முடியட்டும்" என்றாய். "கல்யாணத்துக்கு நீங்கள் வேணுமே! பிள்ளையைக் கோயிலுக்குள்ளை கூட்டிக்கொண்டு போறதுக்கு நான் வேறை ஆளை ஹயர் பண்ணவோ?" என்று அவள் கேட்டாள். எல்லோரும் சிரித்தோம். அதன் பிறகு நீ சொன்னதை நான் அப்படியே எழுதுகிறேன், ஏனென்றால் அன்றிலிருந்து அது என் காதை விட்டுப் போகவில்லை.

"இஞ்சை பாரும் ஜெசி. அப்பா ஒவ்வொரு நாளும் மீன் சாப்பிட்டவர். காலமை காலமை நடந்தவர். குடி இல்லை. சிகரெட் எண்டால் பேருக்கு ஒண்டு. கடைசியிலை என்ன நடந்தது? அறுபத்தொரு வயசிலை ஆள் முடிஞ்சுது. எல்லாம் ஒழுங்காய்ச் செய்த மனுஷனுக்கே அப்பிடி. பிறகு எனக்கு என்னத்துக்கு டெஸ்டும் பத்தியமும்? அது எங்கடை ரத்தத்திலை இருக்குது. வேணுமெண்டால் அம்மாவைக் கேளும்."

நீங்கள் இரண்டு பேரும் என்னைப் பார்த்தீர்கள். நான், "ஓம், அவர் ஒழுங்கான மனுஷன்" என்று சொல்லிவிட்டு, புடிங் எடுத்துவரக் குசினிக்குள் போனேன். ஜெசிந்தாவின் முகம் விழுந்ததைப் பார்த்துவிட்டுத்தான் போனேன். அந்தப் பெண்ணுக்கு இருந்த ஒரே துணையையும் நான் பிடுங்கிப்போட்டேன். உனக்கு இப்போது ஐம்பத்தொன்பது வயது. உன் அப்பாவின் கதையை நம்பித்தான் நீ அந்தத் துண்டை ஃபிரிஜ் கதவில் விட்டிருக்கிறாய். அந்தக் கதையை உண்டாக்கியவள் நான். அது உண்மை இல்லை.

கொட்டாஞ்சேனையில் நாங்கள் இருந்த நாட்களிலிருந்து தொடங்குகிறேன். அப்போது அவர் துறைமுக அலுவலகத்தில் எழுத்து வேலை பார்த்த சாதாரண லிகிதர். விடிந்ததும் சாரத்தை மடித்துக் கட்டி, கோரையில் பின்னிய பன்பையைக் கையில் எடுத்துக்கொண்டு முகத்துவாரம் கடற்கரை வரைக்கும் நடந்து போவார். வள்ளம் வரும்வரை நின்று, மீன்பிடிக்கிறவர்களோடு சிங்களத்திலும் தமிழிலும் கதைத்து, பை நிறையச் சாளையோ சூடையோ வாங்கிக்கொண்டு நடந்தே திரும்புவார். நீயும் பல நாட்கள் அவரோடு போயிருக்கிறாய். வந்ததும் தானே கிணற்றடியில் குந்தியிருந்து மீனைத் துப்புரவாக்கித் தருவார். கொறுக்காய்ப்புளியும் மிளகும் போட்டு, ஒரு சொட்டு எண்ணெய் இல்லாமல், மண்சட்டியில் வற்ற அவிக்க வேண்டும். அப்படித்தான் அவருக்குப் பிடிக்கும். நான் அவித்துக் கொடுத்தேன். ஆனால் ஒருநாளும் விருப்பத்தோடு கொடுக்கவில்லை. சாளை ஏழைகளின் மீன், அதன் மணம் திரைச்சீலையில் ஏறிவிடும், கன்னியர் மடத்தில் படித்த ஒரு பெண்ணின் வீட்டில் அந்த மணம் இருக்கக் கூடாது என்பது என் எண்ணம். ஒருமுறை உன் பள்ளிக்கூடக் காற்சட்டையில் மீன் செதிள் ஒட்டியிருந்ததற்கு உன்னைக் கோடு போடும் அடிமட்டத்தால் அடித்தேன். உனக்கு அது நினைவிருக்காது. எனக்கு இருக்கிறது.

பிறகு அவர் பிரதம லிகிதர் ஆனார். நாங்கள் வெள்ளவத்தைக்கு வந்தோம்; நீ விடுதியில் படித்து, பிறகு வெளியூரில் வேலை பார்த்ததால் விடுமுறைக்குத்தான் வீட்டுக்கு வந்தாய். அந்த வீட்டை அவர் கேட்கவில்லை, நான்தான் கேட்டேன். வந்த புதிதில் அவர் தன் பழக்கத்தை விடவில்லை. இங்கே வள்ளம் இல்லாவிட்டாலும், காலையில் ரெயில் பாதையோரமாகக் கடலைப் பார்த்தபடி நீண்ட தூரம் நடந்து, சந்தையில் மீன் வாங்கி, அதே பன்பையோடு பெருந்தெருவான காலி வீதியால் வருவார். பையின் அடியிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டே வரும். எதிர்வீட்டில் ஒரு சட்டத்தரணியின் மனைவி இருந்தாள். ஒருநாள் பூசை முடிந்து கோயில் வாசலில் நான்கைந்து பேர் நிற்கும்போது, அவள் சிரித்த முகத்தோடு என்னிடம், "உங்கடை மிஸ்டர் வேலைக்குப் போக முதல் மீன் வியாபாரமும் செய்யிறவரோ?" என்று கேட்டாள். மற்றவர்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்ததும் அந்தப் பன்பையை எடுத்துக் குப்பையில் போட்டேன்.

"இனி நீங்கள் மீன் தூக்கிக்கொண்டு றோட்டாலை வரக் கூடாது. உங்கடை பதவிக்கு அது அழகில்லை" என்றேன்.

"அப்ப மீன்?"

"வாசல் கேற்றடிக்கு வரும்."

"அப்ப நடை?"

"கை வீசிக்கொண்டு எங்கை போகப் போறியள்? பேப்பரை வாசியுங்கோ."

அவர் சண்டை பிடிக்கிற மனிதர் இல்லை. சில நாட்கள் வெறுங்கையோடு நடந்து பார்த்தார். போய் வாங்க ஒரு பொருளும் கதைக்க ஒரு மனிதரும் இல்லாத நடை அவருக்குச் சுவைக்கவில்லை. கொஞ்சம் கொஞ்சமாக விட்டுவிட்டார். நான் அவருடைய கதிரையை ஜன்னலடியில் போட்டுக் கொடுத்தேன். அதில் உட்கார்ந்துகொண்டு பேப்பரைப் பார்ப்பார். அது எவ்வளவு அழகாக இருக்கிறது என்று எனக்கு உண்மையாகவே தோன்றியது. வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்கு ஒரு கனவான் ஜன்னலடியில் இருப்பது தெரிந்தது.

மீன்காரர் சிரில் சைக்கிளின் பின்னால் பெட்டி கட்டிக்கொண்டு "மாளு, மாளு" என்று கூவியபடி வருவார். நான் கேற்றடியில் நின்று, எதிர்வீட்டுக்குக் கேட்கும்படி, "அறக்குளா இருக்கிறதா?" என்று கேட்பேன். சாளையை எடுத்துக் காட்டினால் முகத்தைத் திருப்பிக்கொள்வேன். விலை கூடிய அந்த அறக்குளாவைத் தடித்த துண்டுகளாக வெட்டுவித்து, உப்பும் தூளும் தடவி, தேங்காயெண்ணெய் நிறைய விட்டு மொறுமொறுவென்று பொரித்து வைப்பேன். நேற்றைய எண்ணெயிலேயே இன்றும் பொரிப்பேன். நல்ல எண்ணெயை யார் வெளியே ஊற்றுவார்கள்? பக்கத்தில் கருவாட்டுப் பொரியல், மோர்மிளகாய், அச்சாறு. வெள்ளிக்கிழமை இறைச்சி இல்லாத நாள் என்பதால் இன்னும் இரண்டு வகை கூடும். தவம் செய்ய வேண்டிய நாளில் எங்கள் மேசை கல்யாண வீடு மாதிரி இருக்கும். யாராவது விருந்துக்கு வந்தால், "நாங்கள் மீன்தான், இறைச்சி எப்பவாவதுதான்" என்று பெருமையாகச் சொல்வேன். அது பொய் இல்லை. மீன் இருந்தது. அதற்கு நான் என்ன செய்தேன் என்பதைத்தான் சொல்லவில்லை.

சிகரெட்டைப் பற்றியும் எழுத வேண்டும், அது உன்னோடு சம்பந்தப்பட்டது. கொட்டாஞ்சேனையில் அவர் இரண்டொரு சிகரெட் பிடிப்பார், அதுவும் வெளியில். பிரதம லிகிதர் ஆன அன்று அவருக்கு ஒரு வெள்ளிச் சிகரெட் பெட்டி பரிசாகக் கொடுத்தது நான். மேலதிகாரிகள் வீட்டில் அப்படி ஒன்றைப் பார்த்து ஆசைப்பட்டிருந்தேன். வந்தவர்களுக்கு முன்னால் அதைத் திறந்து நீட்டும்போது தானும் ஒன்று எடுக்க வேண்டும் அல்லவா? பெட்டி வெறுமையாக இருந்தால் நானே நிரப்பி வைத்தேன். கடைசி வருடங்களில் அது ஒரே நாளில் இரண்டு முறை வெறுமையானது. தமிழருக்கு எதிரான கலவரத்தில் வீட்டைப் பூட்டிவிட்டு ஓடியபோதுகூட அந்தப் பெட்டியை என் கைப்பைக்குள் போட்டுக்கொண்டுதான் ஓடினேன். பிறகு அதை உன் கையில், "அப்பாவின் நினைவாக வைத்துக்கொள்" என்று கொடுத்தேன். நீ அதை நிரப்பித்தான் வைத்திருக்கிறாய். போன ஞாயிறும் சட்டைப் பையில் அதன் மூலை தெரிந்தது.

அவருக்கு அறுபது வயது முடிந்த பிறகு, காலையில் சவரம் செய்யும்போது நெஞ்சு இறுகுவதாகச் சொன்னார். கொள்ளுப்பிட்டியில் ஒரு டொக்டரிடம் கூட்டிக்கொண்டு போனேன். நல்ல மனிதர், அவசரப்படாமல் கேட்டார். கேள்விகளை உன் அப்பாவைப் பார்த்து ஆங்கிலத்தில் கேட்டார். உன் அப்பாவுக்கு ஆங்கிலம் தெரியும், ஆனால் யோசித்து மெதுவாகத்தான் கதைப்பார். எனக்குப் பொறுக்காது. கேட்ட கேள்விக்கு நிமிர்ந்திருந்து முழு வாக்கியத்தில் உடனே பதில் சொல்ல வேண்டும் என்று எனக்குக் கன்னியர்கள் பழக்கியிருந்தார்கள். ஆகவே நான் சொன்னேன்.

"இவர் மீன் சாப்பிடுகிறாரா, இறைச்சி கூடவா?" என்று டொக்டர் கேட்டார். "நாங்கள் தினமும் மீன்தான் சாப்பிடுகிறோம், டொக்டர்" என்றேன். "எப்படிச் சமைப்பீர்கள்?" "மிக மெல்லிய சமையல், டொக்டர்." "நடப்பாரா?" "எப்போதும் நடக்கிறவர்." "புகை?" "விருந்தினர் வந்தால் மரியாதைக்கு ஒன்று." "உப்பு, பொரியல்?" "எங்கள் வீட்டில் அதெல்லாம் குறைவு." உன் அப்பா ஒருமுறை வாயைத் திறந்தார். நான் திரும்பிப் பார்த்தேன். மூடிக்கொண்டார். டொக்டர் எழுதுகோலைக் கீழே வைத்துவிட்டு, மீன் சாப்பிடுவதும் நடப்பதும் மிக நல்ல பழக்கங்கள், உங்களிடம் மாற்றச் சொல்ல எனக்கு அதிகம் இல்லை, இப்படியே தொடருங்கள் என்றார். ஒரு குளிசை எழுதித் தந்தார். என்னை நல்ல மனைவி என்று பாராட்டினார். நான் நன்றி சொன்னேன்.

ஏன் அப்படிச் செய்தேன் என்று எத்தனையோ முறை என்னையே கேட்டிருக்கிறேன். டொக்டர் என் குசினியைப் பற்றி விசாரிக்கிறார் என்று நினைத்தேன். உன் அப்பாவின் உயிரைப் பற்றி விசாரிக்கிறார் என்று அந்த நேரத்தில் தோன்றவே இல்லை. பரீட்சைத் தாளில் நல்ல மார்க் வாங்குகிற பிள்ளை மாதிரி இருந்தேன். திரும்பி வருகிற வழியில் பஸ்ஸில் உன் அப்பா ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி, "நீர் சொன்ன ஆளை எனக்கும் ஒருக்காக் காட்டும். நல்ல மனுஷன் போலை கிடக்குது" என்றார். நான், "பகிடி விடாதேங்கோ, ஆக்கள் பாக்கினம்" என்றேன். ஒரே ஒருமுறை, சில கிழமைகள் கழித்து, "கொஞ்சம் சாளை வாங்கி அவிப்பமே? கொறுக்காய் போட்டு" என்று கேட்டார். "இந்த வீட்டிலை அது மணக்காது" என்றேன்.

ஐந்து மாதம்தான். ஒரு வெள்ளிக்கிழமை மதியம் சாப்பிட்டுவிட்டுப் போய் ஜன்னலடிக் கதிரையில் உட்கார்ந்தவர், நான் தேநீர் கொண்டுபோனபோது உயிரோடு இல்லை. நீ வேலையிலிருந்து ஓடி வந்தாய். உனக்கு அப்போது இருபத்தேழு வயது. வாசலில் நின்று, "எப்படி அம்மா? அப்பாவுக்கு ஒரு கெட்ட பழக்கமும் இல்லையே" என்று அழுதாய். நான் உன்னைத் திருத்தவில்லை. செத்த வீட்டுக்கு வந்த ஒவ்வொருவரிடமும் நான் டொக்டரிடம் சொன்னதையே திரும்பச் சொன்னேன். தினமும் மீன், தினமும் நடை, மரியாதைக்கு ஒரு சிகரெட். சொல்லச் சொல்ல அது உறுதியானது. கடவுள் சித்தம் என்று எல்லோரும் சொன்னார்கள். என் மேல் யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

எட்டாம் நாள் முடிந்த பிறகு சிரில் கேற்றடிக்கு வந்தார். அவர் கையில் பேப்பரில் சுற்றிய ஒரு பொதி. உன் அப்பாவை எப்போதும் மஹத்தயா என்கிறவர், மஹத்தயாவுக்கு விருப்பமானது, காசு வேண்டாம், வீட்டில் ஆக்குங்கள் என்றார். பிரித்தேன். சாளை. "அவருக்கு இது விருப்பம் என்று உமக்கு எப்படித் தெரியும்? நாங்கள் ஒருநாளும் உம்மிடம் வாங்கியதில்லையே" என்று சிங்களத்தில் கேட்டேன். அந்த மனிதர் சொன்னார்: மஹத்தயா வேலைக்குப் போகிற வழியில் ஒழுங்கை முனையில் என் சைக்கிளை நிற்பாட்டுவார். பெட்டியைத் திறக்கச் சொல்லிச் சாளையைப் பார்ப்பார். செவுளைத் தூக்கிப் பார்த்து, இன்றைக்கு நல்ல மீன் என்பார். எடுங்கள் மஹத்தயா என்றால், "நோனா பனினவா" என்று சிரித்துவிட்டுப் போய்விடுவார். நோனா, அதாவது நான், ஏசுவேனாம். எத்தனையோ வருடமாக அப்படி, நோனா.

அதுதான் மகன், நான் மீன் சாப்பிடாத காரணம். நேர்த்தி இல்லை. என் வீட்டு மேசையில் தினமும் மீன் இருந்தது, என் புருஷன் வீதி முனையில் நின்று மீனைப் பார்த்துவிட்டுப் போனார்.

நான் டொக்டர் இல்லை. உண்மையைச் சொல்லியிருந்தால் அவர் பிழைத்திருப்பார் என்று எழுதும் அளவுக்கு எனக்குத் துணிவும் இல்லை, அறிவும் இல்லை. நீ சொல்வது போல ரத்தத்திலும் ஏதாவது இருந்திருக்கலாம். அப்படியானால் நீ இன்னும் கவனமாக இருக்க வேண்டும் என்றுதான் ஆகிறது, விட்டுவிடலாம் என்று ஆகவில்லை. ஆனால் ஒன்று எனக்கு நிச்சயமாகத் தெரியும். உன் அப்பா எல்லாவற்றையும் ஒழுங்காகச் செய்து பார்த்துத் தோற்றவர் இல்லை. அவருக்கு அதைச் செய்து பார்க்க இடமே கொடுக்கப்படவில்லை. ஆகவே அவரைச் சாட்சிக்குக் கூப்பிடாதே. பொரித்த மீனைத் தின்றுவிட்டுக் கதிரையில் உட்கார்ந்து சிகரெட் பிடித்த மனிதரை, அவித்த மீனைத் தின்று நடந்து திரிந்த மனிதர் என்று நான் மாற்றி வைத்திருந்தேன். அந்த முதல் மனிதரைப் போலத்தான் நீயும் இருக்கிறாய். வயிற்றைப் பார். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு படியில் நிற்பதை அனுஷா பார்த்துவிட்டு எனக்குச் சொல்லி அழுதாள்.

ஜெசிந்தா அவித்து வைக்கிற மீனை ஆஸ்பத்திரிச் சாப்பாடு என்று பகிடி பண்ணாதே. கடற்கரை உனக்குப் பக்கத்திலேயே இருக்கிறது, ஒரு பையைக் கையில் எடுத்துக்கொண்டு காலையில் நடந்து போய் உனக்குப் பிடித்ததை நீயே வாங்கி வா. யார் சிரித்தாலும் சிரிக்கட்டும். அந்த வெள்ளிப் பெட்டியை என்னிடம் திருப்பித் தா. அது அப்பாவின் நினைவுப்பொருள் இல்லை, என் ஆடம்பரம். எல்லாவற்றுக்கும் முதலில், கல்யாணத்துக்குப் பிறகு அல்ல, முன்னால், அந்த டெஸ்டைச் செய். டொக்டர் கேட்கிறதற்கு உள்ளதை உள்ளபடி சொல். வெட்கமாகத்தான் இருக்கும். வெட்கப்பட்டுக்கொண்டே சொல். நான் இந்தக் கடிதத்தை அப்படித்தான் எழுதுகிறேன்.

இனி என் வேண்டுகோள். டெலிபோனில் நீ, "ஓம் அம்மா, ஓம் அம்மா" என்று சொல்லிவிட்டு வைத்துவிடுவாய். ஓம் என்ற சொல்லை எவ்வளவு சுலபமாகச் சொல்லலாம் என்று போன ஞாயிறு நானே காட்டினேன். ஆகவே எழுதி அனுப்பு. ஒரு நாளைக்கு எத்தனை சிகரெட், எவ்வளவு தூரம் நடக்கிறாய், என்ன சாப்பிடுகிறாய், படியேறும்போது நெஞ்சில் என்ன செய்கிறது, டெஸ்ட் எந்தத் தேதியில். இந்த ஐந்துக்கும் பதில் வேண்டும். ஜெசிந்தா உனக்காக எழுதக் கூடாது. உன் அப்பாவிடம் கேட்ட கேள்விகளுக்கு நான் பதில் சொன்னேன். உன்னிடம் கேட்பதற்கு நீயே, உன் கையெழுத்தில், பதில் எழுது.

அம்மா